முதல் பீருக்கு எந்தப் பாத்திரம்?

வாட்ஸ்அப் குழு: நம்ம தெரு, ப்ளேனோ (டெக்சஸ்)

கார்த்திக்: எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பீர் செய்து பார்க்கலாம் என்று 5 காலன் கிட் ஒன்று வாங்கிவிட்டேன். மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் சாறு), கசப்புக்கு ஹாப்ஸ் பூ, நொதிக்கவைக்க ஈஸ்ட் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பாத்திரம்தான் இல்லை. 60 டாலருக்கு மேல் போக மனசில்லை. கடையில் குழாயும் தெர்மாமீட்டரும் வைத்த 10 காலன் பாத்திரத்தைக் காட்டுகிறார்கள், விலை எங்கேயோ போகிறது. செந்தில் அண்ணா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செந்தில்: முதலில் இதைச் சொல் தம்பி. உன் வீட்டில் என்ன அடுப்பு?

கார்த்திக்: அபார்ட்மெண்ட்தானே அண்ணா. கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. இண்டக்‌ஷன் இல்லை.

செந்தில்: அப்படியானால் 10 காலன் பேச்சே வேண்டாம். முழுசாகக் கொதிக்கவைத்து 5 காலன் பீர் எடுக்க, ஆரம்பத்திலேயே ஆறு, ஆறரை காலன் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் ஒரு காலன் அளவுக்கு ஆவியாகிவிடும். அவ்வளவு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைக்க உன் அடுப்புக்குத் தெம்பு பத்தாது.

செந்தில்: உன்னுடையது மால்ட் சாறு கிட். அதனால் இரண்டரை, மூன்று காலனை மட்டும் ஹாப்ஸோடு கொதிக்கவிடு. சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் வைத்து ஆறவிடு. நொதிக்கிற வாளியில் ஊற்றியபின் குளிர்ந்த நல்ல தண்ணீர் சேர்த்து 5 காலன் ஆக்கிக்கொள். இதற்கு 5 காலன் பாத்திரம் போதும். கடையில் 20 குவார்ட் என்று போட்டிருக்கும்.

ப்ரியா: மூன்று காலனுக்கு எதற்கு அண்ணா ஐந்து? நான்கு போதாதா?

செந்தில்: கொதி வரும் நேரத்தில் மால்ட்டில் இருக்கும் புரதம் நுரை கட்டி, பால் மாதிரி ஒரே நொடியில் பொங்கிவிடும் ப்ரியா. மேலே இடம் இல்லையென்றால் சர்க்கரைக் கரைசல் எல்லாம் அடுப்பில்தான். கண்ணாடியில் கருகி ஒட்டியதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

சுந்தரம் அங்கிள்: இதெல்லாம் சட்டப்படி சரியா தம்பி? எங்கள் மதுரையில் வீட்டில் செய்தால் போலீஸ் வந்துவிடும்.

செந்தில்: ஊரில் 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது அங்கிள், அங்கே செய்யக் கூடாது. இங்கே 1978-இல் அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அனுமதி வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை, சொந்தக் குடிப்புக்கு. விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கிற சரக்குக்கு இது பொருந்தாது.

சுந்தரம் அங்கிள்: சரி சரி.

கார்த்திக்: அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா?

மீனா அக்கா: அலுமினியம் வேண்டாம் தம்பி. மறதி நோய் வரும் என்கிறார்கள்.

செந்தில்: அந்தச் சந்தேகம் 1960, 70-களில் கிளம்பியது அக்கா. பாத்திரத்தால் அந்த நோய் வருகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை. நம் புளிக்குழம்பைவிட இந்தக் கரைசலில் புளிப்பு குறைவு. வாங்கியதும் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் பிடிக்கும். அதுதான் பாதுகாப்பு. கம்பி நார் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, டிஷ்வாஷரிலும் போடக் கூடாது. காரத்தன்மை (ஆல்கலி) உள்ள கிளீனர் பட்டால் கறுத்துவிடும்.

செந்தில்: ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தக் கவலை எதுவும் இல்லை, எதைப் போட்டும் கழுவலாம். ஆனால் மலிவு விலையில் கிடைப்பது மெல்லிய அடிப்பாகத்தோடு வரும், மால்ட் சாறு அடிப்பிடிக்கும். எதில் செய்தாலும் சாறு ஊற்றும்போது பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, நன்றாகக் கலக்கிவிட்டு மறுபடி ஏற்று. உன் பட்ஜெட்டுக்கு நான் கனமான அலுமினியம்தான் வாங்குவேன். எனாமல் பாத்திரம் இன்னும் மலிவு. அதை மட்டும் வாங்காதே. ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் துருப்பிடித்து பீரில் இரும்பு ருசி ஏறும்.

கார்த்திக்: அம்மா அனுப்பிய பிரியாணி அண்டா இருக்கிறதே அண்ணா, அது ஆகாதா?

செந்தில்: அடி தட்டையா?

கார்த்திக்: இல்லை, கொஞ்சம் உருண்டை.

செந்தில்: கண்ணாடி அடுப்பில் சரியாக உட்காராது, சூடும் ஏறாது. எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் பீரில் நுரை நிற்காது. பிரியாணிக்கே இருக்கட்டும் 🙂

ப்ரியா: எங்கள் வீட்டில் கொல்லைப்புறம் இருக்கிறது அண்ணா. நான் முழுசாகவே கொதிக்கவைக்கலாமா?

செந்தில்: தாராளமாக. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்ததும் வான்கோழி பொரிக்கிற செட் தள்ளுபடியில் வரும். 30 குவார்ட் அலுமினியப் பாத்திரமும் கேஸ் பர்னரும் சேர்த்தே கிடைக்கும். ஏழரை காலன் என்பதால் பொங்கும் நேரத்தில் பக்கத்திலேயே நில். அந்த பர்னரைத் திறந்தவெளியில் மட்டும்தான் பற்றவைக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் கராஜிலும் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, மழை பெய்தாலும் உள்ளே கொண்டு போகாதே.

கார்த்திக்: நான் நவம்பர் வரை காத்திருக்க மாட்டேன் அண்ணா 😀

செந்தில்: மெக்சிகன் மளிகைக் கடைக்குப் போ. தமாலே (அவர்களுடைய சோள மாவுக் கொழுக்கட்டை) அவிக்கிற அலுமினியப் பாத்திரம் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இங்கே பீர் செய்கிறவர்கள் பலர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தட்டை எடுத்து வைத்துவிடு. அடி தட்டையாக இருக்கிறதா, கைப்பிடி ரிவெட் ஆடாமல் இருக்கிறதா என்று தூக்கிப் பார். மூன்று காலன் தண்ணீரே 25 பவுண்டு கனம்.

கார்த்திக்: குழாய் வேண்டாமா?

செந்தில்: மூன்று காலனைத் தூக்கி ஊற்றலாம், அதற்குக் குழாய் எதற்கு? சூடு ஆறியபிறகு ஊற்று, அவ்வளவுதான். தெர்மாமீட்டர் தனியாக வாங்கினால் போதும்.

மாலை 6:40

கார்த்திக்: [படம்] 20 குவார்ட், தட்டை அடி, கைப்பிடி கெட்டி. 60-இல் பாதிகூட ஆகவில்லை. மூடியும் இருக்கிறது.

செந்தில்: அருமை. தண்ணீர் சூடாகும் வரை மூடி வை. கொதிக்க ஆரம்பித்ததும் திறந்துவிடு, மூடியே வைத்திருந்தால் வேகவைத்த சோள வாசனை பீரிலேயே தங்கிவிடும். மிச்சப் பணத்துக்குக் கிருமிநாசினி வாங்கு, கழுவ வேண்டாத வகையாகப் பார்த்து. கொதி முடிந்தபிறகு பீரைத் தொடுகிற எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

கார்த்திக்: சனிக்கிழமை காலை அடுப்பில் ஏற்றுகிறேன் அண்ணா. வர முடியுமா?

செந்தில்: பத்து மணிக்கு வருகிறேன். ஐஸ் இரண்டு பை வாங்கி வை.