புதிய வட்டைப் பொருத்தியதும் பிணைய இடைமுகத்தின் பெயர் மாறிவிட்டது

கேள்வி:
டெபியன் 12 லினக்ஸ் இயங்கும் சர்வரில் நேற்று பிசிஐஇ ஸ்லாட் ஒன்றில் என்விஎம்இ வட்டைப் பொருத்தி மறுதொடக்கம் செய்தேன்; அதன்பின் பிணைய இணைப்பு வரவே இல்லை. திரையை இணைத்துப் பார்த்தபோது, அதுவரை ஈஎன்பி3எஸ்0 என்றிருந்த இடைமுகம் ஈஎன்பி4எஸ்0 ஆகியிருந்தது. அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருந்ததால் ஐபி முகவரி கிடைக்கவில்லை. பெயர் மாறக் கூடாது என்பதற்காகத்தானே ஈடிஎச்0, ஈடிஎச்1 எனக் கார்டு தயாராகும் வரிசையில் பெயரிடும் பழைய முறையைக் கைவிட்டார்கள்? கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) அளவுருவை மாற்றிப் பழைய முறைக்கே திரும்பிவிடலாமா? இதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன.

மறுமொழி 1:
ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயர்களைத் தரும் புதிய முறை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்புடன் 2013 ஜனவரியில் வந்தது; அது கார்டுக்குப் பெயர் வைப்பதில்லை. கார்டு இருக்கும் இடத்துக்கே பெயர் வைக்கிறது. உங்கள் பெயரிலுள்ள 'பி3' என்பது பிசிஐ பஸ் எண், 'எஸ்0' என்பது அதிலுள்ள ஸ்லாட் எண். புதிய வட்டு தனக்கென ஒரு பஸ் எண்ணை எடுத்துக்கொண்டதால், அதற்குப் பின்னால் இருந்தவை ஒவ்வோர் எண் தள்ளிப்போயின. மதர்போர்டின் ஃபர்ம்வேர் கார்டுக்கு வரிசை எண் தந்திருந்தால் ஈஎன்ஓ1 போன்ற பெயர் வந்திருக்கும். அது இப்படி நகராது. (பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை பஸ் எண்ணைப் பதினாறடிமானத்திலும் இந்தப் பெயர் பதின்மத்திலும் காட்டுவதால், 0ஏ என்பதும் 10 என்பதும் ஒன்றே. நான் இதில் ஒரு மாலை முழுவதும் குழம்பியிருக்கிறேன்.)

மறுமொழி 2:
பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். ஒரே கார்டு என்றால் பாதகமில்லை. இரண்டு இருக்கும்போது எதன் டிரைவர் முதலில் தயாராகிறதோ அதுவே ஈடிஎச்0 ஆகும் என்பதால், உள்வலையும் வெளிவலையும் ஒருநாள் இடம் மாறிவிடக்கூடும். அதற்குப் பதில், ஈடிசி கோப்பகத்தில் சிஸ்டம்டியின் நெட்வொர்க் பிரிவில் கார்டுக்கு ஒன்றாக லிங்க் கோப்பு (பெயரிடும் விதி) எழுதி, மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் முகவரி) அடையாளமாகக் கொடுத்து, லேன்0, வேன்0 என நீங்களே பெயரிடுங்கள். கார்டின் மேல் உருவாக்கும் மெய்நிகர் இடைமுகங்களான பிரிட்ஜும் விலேனும் கார்டின் மேக் முகவரியையே எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், கார்டிலேயே பதிந்துள்ள நிரந்தர மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காண்பதே பாதுகாப்பானது. ஈடிஎச் என்று தொடங்கும் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். கெர்னல் தானாக வைக்கும் பெயரோடு மோதும். பெயர் 15 எழுத்துகளைத் தாண்டவும் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. லிங்க் கோப்புகளை எழுதியும் முதல் மறுதொடக்கத்தில் பழைய பெயரே வந்தது. இனிட்ராம்எஃப்எஸ்ஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்பு முறைமை) புதுப்பித்த பிறகே லேன்0 தோன்றியது. அமைப்புக் கோப்பிலும் பெயரை மாற்றிவிட்டேன். இப்போது வட்டைக் கழற்றிப் பார்த்தாலும் பெயர் அப்படியே இருக்கிறது.