கால் தமனி அடைப்புக்கு அமுக்கப் பம்ப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

அப்பாவுக்கு இரண்டு கால்களிலும் தமனி அடைப்பு. கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் இடது காலில் வெறும் 0.45, ரொம்பக் குறைவு. பெருவிரல் ஓரத்தில் ஒரு புண், ஆறுவேனா என்கிறது. ராத்திரி வலி வந்தால் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியேதான் தூங்குகிறார். ஸ்டென்ட் வைக்க வழியில்லை. நுரையீரல் இருக்கும் நிலையில் பைபாஸும் வேண்டாம் என்றுவிட்டார் ரத்தநாள மருத்துவர்.

பாதத்தையும் கெண்டைக்காலையும் சட்டென்று அமுக்கி விடும் பம்பை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்கிறார். சிரை காலியானதும் தமனி ரத்தம் எளிதாக இறங்குமாம். சிரையில் ரத்தக்கட்டி இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாயிற்று.

குழப்பம் கருவியில்தான். விற்பவர் காட்டுவது நிணநீர் வீக்கத்துக்கான பம்ப். மெதுவாக ஊதி மெதுவாக இறங்குகிறது. தமனிக்கானது 120 மி.மீ. பாதரசம் அளவுக்கு நொடியில் ஏறி இறங்க வேண்டுமே! "எல்லாம் ஒன்றுதான் சார்" என்கிறார், நம்பிக்கை வரவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது பயன்படுத்தினீர்களா? புண் இருக்கும்போது பம்பின் உறையைக் காலில் மாட்டினால் வலித்ததா? ராத்திரி வலி குறைய எவ்வளவு நாள் ஆனது? அப்புறம், வாடகைக்குக் கிடைக்குமா?