மழை இல்லை, இடி மட்டும் கேட்குது: மேட்சை நிறுத்த அம்பயருக்கு அதிகாரம் உண்டா?

ஸ்கொயர்லெக்:
ஞாயிறு டோர்னமென்ட்ல அம்பயரா நிக்கணும். கோடை இடி நேரம். தூரத்துல இடி கேட்டாலும் "4 ஓவர்தான் சார், முடிச்சிடலாம்"னு கமிட்டி சொல்லும், ரெண்டு கேப்டனும் தலையாட்டுவாங்க. எந்த விதியைக் காட்டி நிறுத்துறது? ஒதுங்க ஒரு பந்தலும் தகரக் கொட்டகையும்தான் இருக்கு.

மூன்றாம்நடுவர்:
கிரிக்கெட் விதி 2.8. ஆடுறது ஆபத்துன்னு ரெண்டு அம்பயரும் சேர்ந்து முடிவெடுத்தா உடனே நிறுத்தணும். கேப்டன் சம்மதம், கமிட்டி சம்மதம் எதுவும் தேவையில்லை. "சேர்ந்து"ங்கிற வார்த்தையிலதான் சிக்கல்: இன்னொரு அம்பயர் தயங்கினா மாட்டிக்குவீங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை செகண்ட் இருந்தா நிறுத்துறதுன்னு டாஸுக்கு முன்னாடியே அவர்கிட்ட பேசி, கேப்டன்கள் காதுலயும் போட்டுடுங்க. ஓவர் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. மிச்சப் பந்தை திரும்ப ஆரம்பிக்கும்போது போட்டுக்கலாம்.

இடிவாசல்:
கணக்கு இதுதான்: மின்னல் தெரிஞ்சதுலேருந்து இடி கேட்கிற வரை எண்ணுங்க, 3 செகண்டுக்கு 1 கிலோமீட்டர். 30 செகண்டுன்னா 10 கிலோமீட்டர், அதுவே அடுத்த மின்னல் உங்க தலைமேல விழற தூரம்தான். 30 ஆகும்போது எல்லாரும் உள்ளே இருக்கணும். அப்பதான் நடக்க ஆரம்பிச்சா லேட். பெருவின் சில்காவில் 2024 நவம்பர்ல ஒரு ஃபுட்பால் மேட்ச்ல ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திட்டார். வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியே நடந்துட்டிருக்கும்போதே மின்னல் விழுந்து ஒருத்தர் இறந்தார். கட்டிடத்துக்குப் போய்ச் சேர 5 நிமிஷம் ஆகும்னா அந்த 5 நிமிஷத்தையும் முன்கூட்டியே கழிச்சுக்கணும்.

நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை, மைக்செட். கமென்ட்ரி அலறும்போது தூரத்து இடி காதில் விழாது. ஸ்கோரர் போன்ல மின்னல் எச்சரிக்கை தர்ற தாமினி ஆப் ஓடட்டும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் காத்திருந்துதான் திரும்ப ஆடணும். நடுவுல ஒண்ணு கேட்டா மறுபடி பூஜ்யத்துலேருந்து.

பந்தலும் தகரக் கொட்டகையும் நனையாம இருக்க மட்டும்தான். மரத்தடி, கம்பி வேலி, சைட்ஸ்கிரீன், லைட் கம்பம் பக்கம் யாரும் நிக்கக் கூடாது. தரைவழியா பரவுற மின்சாரம்தான் நிறைய பேரை வீழ்த்துது, நேரடியா விழறது குறைவு. ஸ்பைக்ஸ், செல்போன் மின்னலை இழுக்கும்ங்கிறது சும்மா பேச்சு.

முதலுதவிப்பெட்டி:
ஒண்ணு சேர்க்கிறேன். அடிபட்டவர் உடம்புல மின்சாரம் தங்காது, தயங்காம தொடுங்க. பல பேர் விழுந்திருந்தா அலறுறவரை விட்டுட்டு அசைவே இல்லாதவர்கிட்ட முதல்ல போங்க. நின்ன இதயம் தானா திரும்ப ஓடலாம், ஆனா மூச்சு வராம மறுபடி நின்னுடும். அதனால 108-க்கு ஒருத்தர் பேசும்போதே நெஞ்சை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 தடவை அழுத்தி, 2 தடவை மூச்சு ஊதணும்.

ஸ்கொயர்லெக்:
எதிர்ல ஸ்கூல் கட்டிடம் இருக்கு, ஞாயிறு பூட்டியிருக்கும்.

இடிவாசல்:
சாவியை சனிக்கிழமையே வாங்கிடுங்க. கிடைக்கலைன்னா டீம் வந்த வேன், பஸ் கிரவுண்டை விட்டுப் போகக் கூடாது. வண்டிக்கு இரும்புக் கூரை இருக்கணும், கண்ணாடியை ஏத்திட்டு உள்ளே உட்காரணும். தார்ப்பாய் போட்ட லோடு ஆட்டோ கணக்குல வராது.