ஜோகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பது லாபமா?

பாலம்தாண்டி:
சிங்கப்பூரில் ஒற்றை அறைக்குக் கொடுத்த வாடகையில் ஜோகூர் பாருவில் மூன்று அறை வீடே எடுத்துவிட்டேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உட்லண்ட்ஸ்வாசி:
தூக்கத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா? இரு ஊரையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். இரண்டு ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் கடந்தவன் சொல்கிறேன். எல்லைச் சோதனை வரிசைக்காக நாலு மணிக்கு எழ வேண்டும். முன்வண்டியின் புகைபோக்கிச் சூடு முழங்காலில் அடிக்கும். மழைக்கோட்டைக் கழற்றினால் மழை, போட்டால் வேக்காடு. இப்போது சிங்கப்பூரிலேயே வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு. தவணை, சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியிலிருந்தே போய்விடுகிறது. நீங்கள் கொடுக்கும் வாடகை திரும்பி வருமா?

பாலம்தாண்டி:
வீடு சரி, கார்? பத்தாண்டு ஓட்டும் உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் 2023இல் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போனது. வண்டி விலை தனி! அங்கே பொருள் சேவை வரியும் 9 விழுக்காடு. இங்கே குடும்பத்தோடு வயிறாரச் சாப்பிட்டாலும் 30 வெள்ளி தாண்டுவதில்லை.

ரிங்கிட் சம்பளக்காரன்:
இருவரும் வெள்ளியிலேயே பேசுகிறீர்கள். நான் ஜோகூரில் பிறந்து இங்கேயே வேலை பார்ப்பவன். 2025 முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. பத்து ரிங்கிட் சாப்பாடு உங்களுக்கு மூன்று வெள்ளிச் சொச்சம். அந்தச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேர உழைப்புக்கும் மேல். ஊர் மலிவு என்கிறீர்கள். மலிவு உங்கள் சம்பளத்தில் இருக்கிறது. பெட்ரோல் விலை குறைவென்றால், எங்கள் அரசு மானியம் தருகிறது. அதனால்தான் மானிய விலை ரோன்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றத் தடை.

உட்லண்ட்ஸ்வாசி:
சரியாகச் சொன்னீர்கள். சிங்கப்பூர்க் கார் முக்கால் டாங்க் நிரப்பாமல் எல்லை தாண்டக் கூடாது என்பதும் அங்கே போய் நிரப்புவதைத் தடுக்கத்தான்.

பாலம்தாண்டி:
ஐயா, நான் வெள்ளியில் சம்பாதித்து உங்கள் ஊர்க் கடைகளில்தானே செலவழிக்கிறேன்?

ரிங்கிட் சம்பளக்காரன்:
கடைக்காரருக்கு நல்லதுதான் தம்பி. வாடகைக்கு வீடு தேடும் என் மகனுக்கு? நீங்கள் கேட்ட தொகையைத் தருகிறீர்கள். வீட்டுக்காரர் அவனிடமும் அதையே கேட்கிறார்.

உட்லண்ட்ஸ்வாசி:
2026 இறுதியில் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ரயில் ஓடும் என்கிறார்கள். காலைத் தூக்கம் மிஞ்சும் என்றால் நானே திரும்ப யோசிப்பேன்.

பாலம்தாண்டி:
யோசிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். "நிலையம் நடக்கும் தூரம்தானே" என்று சொல்லி என் வீட்டுக்காரர் அடுத்த ஒப்பந்தத்துக்கு 400 ரிங்கிட் கூட்டிக் கேட்கிறார். ரயில் இன்னும் வரவில்லை!