கூடங்குளம் வழக்குகள்: ‘மற்றும் பலர்’ என்றால் யார்?

கடற்கரையான்:
என் சித்தி மகனுக்கு 2014-இல் வளைகுடாவில் வெல்டர் வேலைக்கு ஆள் சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். விசாரிக்க வந்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் கோப்பை மூடிவிட்டார். “உங்கள் ஊர்மேல் வழக்கு நிறைய இருக்கிறது, தம்பி.” என் பெயர் அதில் இருக்கிறதா என்று இவன் கேட்டான். “பெயர் இல்லை. ‘மற்றும் பலர்’ என்று இருக்கிறது. அந்தப் பலரில் நீ இல்லை என்பதற்கு என்ன சாட்சி?” என்று திருப்பிக் கேட்டாராம். வேலை போயிற்று. இன்றைக்கும் வள்ளத்தில்தான் போகிறான்.

கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து ஊர் போராடியதால் வந்த வழக்குகள் அவை. உலை வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டைக்கு நான் வரவில்லை. கூட்டத்தைக் கலைப்பது ஒன்று. ஊரையே குற்றவாளிப் பட்டியலில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்கு யாராவது நியாயம் சொல்ல முடியுமா?

லேத் பட்டறை, கோவை:
அண்ணாச்சி, உங்கள் தம்பிக்கு நேர்ந்தது தவறு. ஆனால் கதையை 2014-இல் தொடங்குகிறீர்கள், நான் 2012-இல் தொடங்குகிறேன். எங்கள் பகுதியில் மின்வெட்டு பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. லேத் ஓடும்போது மின்சாரம் போனால் டூல் இரும்பைக் கடித்தபடி நின்றுவிடும். திரும்ப ஓட்டினால் அந்த இடத்தில் ஒரு வளையம் விழுந்திருக்கும். ஆர்டர் கொடுத்தவர் அதை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பார், எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்று பேர் வேலை செய்த பட்டறையில் கடைசியில் நான் மட்டும்தான்.

அந்த நேரத்தில் 1,000 மெகாவாட் உலை ஒன்று கிட்டத்தட்ட முடிந்த நிலையில் சும்மா கிடந்தது. 2011 அக்டோபரில் போராட்டக்காரர்கள் சாலையை மறித்து, உலை வேலைக்குப் போனவர்களை உள்ளே விடவில்லை. போலீஸ் என்ன செய்திருக்க வேண்டும்? மோர் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டுமா?

ஓய்வு ஏட்டு:
நான் அந்தப் பந்தோபஸ்துக்குப் போனவன். பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. மதியப் பொட்டலம் எலுமிச்சைச் சாதம், வந்து சேரும்போதே புளித்திருக்கும். உப்புக் காற்றில் லத்தி கையில் பிசுபிசுக்கும். வீட்டுக்குப் பேசினால் பிள்ளை, “அப்பா, டிவியில் உங்களைத் திட்டுகிறார்கள்” என்றாள்.

2012 செப்டம்பர் 9 அன்று உலையை முற்றுகையிடக் கூட்டம் சாலை வழியாக வரும் என்று தடுப்பு வைத்திருந்தோம். அவர்கள் கடற்கரை மணலோடு நடந்து வந்துவிட்டார்கள். பெண்கள், கைக்குழந்தைகள், ஆயிரக்கணக்கில். அன்று இரவு மணலிலேயே படுத்தார்கள். மறுநாள் ஒலிபெருக்கியில் கலையச் சொன்னோம், கலையவில்லை. மணலை வாரி வீசினார்கள், கல்லும் வந்தது. பிறகுதான் கண்ணீர்ப் புகை, தடியடி. கடலில் குதித்தார்கள். நல்ல காட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அணுஉலை. வேலியைத் தாண்டவிட்டிருந்தால் இதே ஊடகங்கள் எங்களை என்ன சொல்லியிருக்கும்?

கறுப்பு அங்கி:
ஏட்டு ஐயா, உங்களை அந்த மணலில் கொண்டுபோய் நிறுத்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. இடிந்தகரையில் உலையை எதிர்த்து 127 பேர் உண்ணாவிரதம் இருந்தபோது, மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தச் சொல்லி மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. அது 2011 செப்டம்பர் 22. ஆறு மாதம் அரசு ஊரின் பக்கம் நின்றது போலத் தெரிந்தது. 2012 மார்ச் 18-இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது. மார்ச் 19-இல் அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. கையோடு கூடங்குளம் இருக்கும் இராதாபுரம் வட்டத்தில் 144 தடை உத்தரவு, வேன் வேனாகப் போலீஸ். அரசு ஒரே இரவில் மனம் மாறலாம், ஊர் மாறாது. அந்தப் பள்ளத்தை நிரப்ப உங்களைக் கொட்டினார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன். சாலை மறியலுக்கு மறியல் வழக்குப் போடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. இங்கே போட்டவை 124ஏ, 121. அதாவது தேசத்துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். வன்முறையைத் தூண்டாத பேச்சு தேசத்துரோகம் ஆகாது என்று கேதார்நாத் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீன் கூடை சுமக்கிற பெண் எந்தப் படையைத் திரட்டினார்?

லேத் பட்டறை, கோவை:
நீதிமன்றத்தை நீங்கள் இழுத்ததால் கேட்கிறேன். 2013 மே 6 தீர்ப்பை முழுதாகச் சொல்வீர்களா? நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் பொது நலனுக்காக உலை இயங்கலாம் என்றுதானே சொன்னார்கள்? வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கே பேட்டி கொடுத்தார். இதெல்லாம் காற்றில் வந்த பேச்சா?

கறுப்பு அங்கி:
முழுதாகவே சொல்கிறேன். அதே தீர்ப்பின் கடைசியில், போராடியவர்கள்மேல் உள்ள குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பாதியை உடனே நிறைவேற்றினார்கள். ஜூலை 13-இல் உலையில் தொடர்வினை தொடங்கிவிட்டது, அக்டோபரில் மின்சாரம் வலையமைப்புக்கு வந்தது. இரண்டாம் பாதி தவணை தவணையாக நடந்தது. கூடங்குளம் உள்ளிட்ட போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021-இல் கூட அரசு அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையான்:
வெளிநாட்டுப் பணமா? இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்னால் போட்டிருந்த பந்தலுக்கு நீங்கள் வந்திருந்தால் தெரிந்திருக்கும். பெண்கள் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டேதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய கட்டு குறைந்தால் அன்றைய கூலி குறையும். மீன் விற்ற காசில் ஒரு பங்கு ஊர்க் கணக்குக்குப் போனது. உங்கள் பட்டறை இருண்டதற்கு நான் வருந்துகிறேன், நிஜமாகவே. ஆனால் உங்கள் இருட்டுக்கு என் தம்பியின் பாஸ்போர்ட் என்ன செய்தது?

தூத்துக்குடிக்காரி:
எல்லோரும் இடிந்தகரையிலேயே நிற்கிறீர்கள். அதே செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் போலீஸ் சுட்டு ஒரு மீனவர் இறந்தார். அது எங்கள் மாவட்டம், உலையிலிருந்து வெகு தொலைவு. அங்கே எந்த வேலியை யார் தாண்டப் போனார்கள், ஏட்டு ஐயா? 2018 மே 22, 23-இல் எங்கள் ஊரில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். அது மின்நிலையம் இல்லை, ஸ்டெர்லைட் தாமிர ஆலை. ஆனாலும் கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: கூட்டம் கலையவில்லை.

ஓய்வு ஏட்டு:
மணப்பாட்டில் நான் இல்லை, அம்மா. இல்லாத இடத்துக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். சுட்டது சரி என்று எங்கள் ஆட்களிலேயே எல்லோரும் சொல்லவில்லை.

லேத் பட்டறை, கோவை:
சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வேலியைக் காத்ததில் எனக்கு இன்றைக்கும் மறுப்பில்லை. கடலோரமாக வந்தாலும் தடுக்கத்தான் வேண்டும். தேசத்துரோகம் என்று எழுதியது எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அண்ணாச்சி, முற்றுகைக்கு ஊரே திரண்டு போனது என்று பெருமையாகவும் சொல்கிறீர்கள், வழக்கு வந்தால் எங்கள் பெயர் ஏன் என்றும் கேட்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்?

கடற்கரையான்:
என் தம்பி அன்று கடலுக்குப் போகவும் இல்லை, கடற்கரைக்குப் போகவும் இல்லை. மஞ்சள் காமாலை. பாட்டி வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தான்.

ஏட்டு ஐயா, நீங்கள் கோபித்தாலும் ஒன்று கேட்கிறேன். முதல் தகவல் அறிக்கையில் பத்துப் பேர் பெயருக்குப் பிறகு ‘மற்றும் 2,000 பேர்’ என்று வருகிறதே, அந்த எண்ணை யார் எண்ணுகிறார்கள்?

ஓய்வு ஏட்டு:
கோபம் இல்லை. கூடங்குளத்தில் எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. வேறு மாவட்டத்தில், ஒரு தண்ணீர் மறியலில், காவல் நிலைய எழுத்தராக (ரைட்டர்) நான் எழுதியதைச் சொல்கிறேன். இரவு பதினொரு மணி. ஆறு பெயர்தான் தெரிந்தது, அதிலும் ஒருவர் ஊராட்சித் தலைவர். எத்தனை பேர் என்று போடுவது என்று கேட்டேன். அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “கூட்டம் பெரியதுதானே, முந்நூறு போடு. குறைத்துப் போட்டால் நாளைக்கு ஆள் சேர்க்க இடம் இருக்காது” என்றார். முந்நூறு என்று எழுதினேன்.