தக்காளிக்குக் கட்டிய வலையில் மாட்டியது

போன கோடையில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அணில் தொல்லை உங்களுக்கே தெரியும், பழம் சிவக்கத் தொடங்கினால் ஒரு கடி, அதைப் போட்டுவிட்டு அடுத்த பழம். பொறுக்க முடியாமல் தக்காளிப் பாத்தி முழுக்க நைலான் வலையைப் போர்த்தி, மிச்சத்தைச் சுருட்டித் தரையிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை தண்ணீர் விடப் போனால் அந்தச் சுருட்டலுக்குள் ஒரு சாரைப்பாம்பு. ஒரு கண்ணிக்குள் தலையும் ஒரு சாண் உடம்பும் நுழைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கிடக்கிறது. செதிலெல்லாம் வால் பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும் இல்லையா, அது பின்னால் இழுக்க இழுக்க நூல் செதிலுக்கு அடியில் இறங்குகிறது. அண்ணன் ஈரத்துணியைப் போட்டுக் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள, நான் சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். 11 நூல். அதுவரை சீறிக்கொண்டே இருந்தது, கடைசி நூல் அறுந்ததும் சத்தம் நின்றுவிட்டது. உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடம். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு வேலியோரம் போனது. பிழைத்ததா என்று தெரியவில்லை.

—

எனக்கும் கோடையில்தான். கத்தரிச் செடிக்கு அடியில் ஒரு ஓணான் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது, வேர் போய்விடுமே என்று விரட்டப் போனேன், நகரவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் குழிக்குள் வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை. அப்புறம் மண்ணைத் தள்ளி மூடி, மூக்கு நுனியால் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது பாருங்கள், அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. அடுத்த வாரம் அந்தப் பாத்தியைக் கொத்திவிடுவதாக இருந்தேன். விட்டுவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்துச் செடியெங்கும் விரல் நீளத்துக்குக் குஞ்சுகள்.

—

முதலில் எழுதியவர் வருத்தப்படுவது சரி, ஆனால் நீங்கள் இருவரும் பாம்பைக் கையால் பிடித்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. சாரை விஷமில்லாததுதான், ஆனால் அதை நல்லபாம்பு என்றும் நல்லபாம்பைச் சாரை என்றும் தவறாக நினைப்பவர்கள் நிறைய. இதைப் படித்துவிட்டு யாராவது கையை விட்டால்? பாம்பு பிடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை வெயில் படாமல் நிழல் மட்டும் கட்டுங்கள்.

வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் நுழைகிற கண்ணி என்றால் வேண்டவே வேண்டாம், கொசுவலை மாதிரி நெருக்கமானது போதும். அதையும் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தளர்ந்து தொங்கினால் குருவிக் கால் சிக்கும். பழத்துக்குப் பழம் சின்னத் துணிப்பை கட்டினால் வலையே தேவையில்லை. இன்னொன்று, தக்காளி செடியிலேயே முழுக்கச் சிவக்க வேண்டியதில்லை, நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து உள்ளே வைத்தால் பழுத்துவிடும். அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள், நடுவில் ஒரு கல் போட்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசு வந்துவிடும். நான் தண்ணீர் வைத்த பிறகு என் தோட்டத்தில் கொத்துப்பட்ட பழம் குறைந்தது.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு கொண்டைக்குருவி பழுத்த மிளகாயை முழுசாக விழுங்கிவிட்டு, அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பறவைக்குக் காரம் உறைக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

—

நிறம் மாறும்போதே பறித்தால் செடியில் பழுத்த ருசி வராது, மன்னிக்கவும். நான் பாத்தி ஓரத்தில் இரண்டு செடியை அணிலுக்கென்றே விட்டிருக்கிறேன். மற்றதையும் கடிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் எங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கிறது.

—

கையால் பிடித்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். வலையை அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். இந்தக் கோடையில் பாதிப் பழம் அணிலுக்குத்தான் போகிறது. போன வாரம் வேலியோரம் ஒரு சட்டை உரிந்து கிடந்தது, நல்ல நீளம். வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நடுவில் ஓரிடத்தில் செதில் வரிசை கோணலாக இருக்கிற மாதிரி தெரிந்தது. அதே பாம்புதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்து வைத்திருக்கிறேன்.