57 வயதில் 11.8 வீதக் கொழுப்பாம்!

ஏ9 தனியன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஐம்பது தாண்டியவர்கள் 12 வீதத்துக்கு மேல் கொழுப்போடு சைக்கிள் ஓட்டப் போட்டிக்கு வரக் கூடாதாம், கரையில் நின்று கை தட்டலாமாம். தனக்கு 57 வயது, 11.8 வீதமாம். வாசித்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. எனக்கு வயது 54, நிறை 84 கிலோ, வண்டி வயிறும் இருக்கிறது. போன ஞாயிறு மாங்குளத்தில் இருந்து என் முதுகு மறைவில் காற்றுப் படாமல் வந்தவர் யார் என்று அந்த 11.8 சொல்லுமா?

பரந்தன் வேகம்:
பெயர் சொல்லாவிட்டாலும் என்னைத்தான் என்று தெரிகிறது. காலையில் கொழுப்பு அளக்கும் மெசினில் ஏறினேன், 11.8 காட்டியது. உம்முடைய மெசின் காட்டாவிட்டால் நான் என்ன செய்ய, தம்பி?

ஏ9 தனியன்:
அந்த மெசினா! அது ஒரு காலால் சின்ன மின்சாரத்தை ஏற்றி மற்றக் காலால் இறக்குகிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுகமாக ஓடும், கொழுப்பில் தடைப்படும். அந்தத் தடையையும் நீங்கள் கொடுத்த வயது, உயரத்தையும் வைத்து ஒரு குத்துமதிப்பு. காலுக்கும் காலுக்கும் இடையில் நடக்கிற விசயம் அண்ணை, வயிற்றுப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே குறைவு. இரண்டு போத்தல் தண்ணீர் குடித்து ஏறினால் ஒரு இலக்கம், சோளகக் காற்றில் காய்ந்து வந்து ஏறினால் இன்னொரு இலக்கம். இதில் தசம் எட்டு வேறு!

குளத்தடி:
ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் கதைப்பது நிறையைப் பற்றியா, கொழுப்பைப் பற்றியா? 84 கிலோவில் தசை எவ்வளவு என்று தெரியாமல்...

பரந்தன் வேகம்:
இரண்டும் ஒன்றுதான், இரண்டும் தொங்கும். மூன்று நாள் பார்த்தேன். 11.8, 11.8, 11.8.

ஏ9 தனியன்:
மூன்று நாளும் தசம் மாறவில்லை என்றால் மெசின் பழுது. சரி, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்: அதில் 'விளையாட்டு வீரர்' என்பதை அழுத்தித்தானே ஏறினீர்கள்? அதை அழுத்தினால் அதே உடம்புக்குக் கொழுப்பைக் குறைத்துக் காட்டும்.

பரந்தன் வேகம்:
நான் விளையாட்டு வீரர்தானே. பிறகு 'கொத்துரொட்டிக் கடைக்காரர்' என்றா அழுத்துவது?

ஒட்டுசுட்டான் காற்று:
நிறை பாரமாவது ஏற்றத்தில்தான். யாழ்ப்பாணம் போகிற இந்த ஏ9 வீதியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையில் வேகமாகப் போனால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். ஸ்பெயின் சைக்கிள் வீரர் மிகேல் இந்துராயின் ஏறத்தாழ 80 கிலோ. 1994இல் ஒரு மணித்தியாலத்தில் 53.040 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தார்.

பரந்தன் வேகம்:
அவருக்கு அப்போது 30 வயது, ஆறடிக்கு மேல் உயரம். தனியன் எத்தனை அடி?

தருமபுரத்தான்:
நாங்கள் மலையில் இருந்து 77இல் வந்த குடும்பம். நுவரெலியா ஏற்றத்துக்கு அந்த 84 கிலோவைக் கொண்டு போங்கள், ஒவ்வொரு கிலோவும் பேர் சொல்லிக் கூப்பிடும்.

ஏ9 தனியன்:
போட்டியை நுவரெலியாவிலா வைக்கிறார்கள்? என் உயரத்தை விடுங்கள். முறிகண்டியில் நான் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த இறங்கினேன். இந்த வழியில் லொறிக்காரன்கூட நின்றுதான் போவான். அண்ணை நிற்காமல் ஓடிப்போய்ப் பரந்தன் சந்தியில் 'முதலாவதாக வந்தேன்' என்று படம் போட்டார். பிள்ளையாரை ஏமாற்றின ஆளின் 11.8ஐ நான் நம்ப வேண்டுமாம்.

பரந்தன் வேகம்:
கற்பூரமா? நீர் இறங்கியது கச்சான் கடலை வாங்க. கச்சானில் ஏறத்தாழ பாதி கொழுப்பு, அதையும் எழுதும்.

ஏ9 தனியன்:
கச்சான் பிள்ளைகளுக்கு வாங்கியது.

தருமபுரத்தான்:
பிள்ளைகள் இருவரும் கனடாவில் என்று போன மாதம் எழுதினீர்களே?

குளத்தடி:
வயது போகப் போகத் தசை குறையும், நிறை மாறாமலே கொழுப்பு வீதம் கூடும். அதனால்தான் முதலிலேயே கேட்டேன், எதைப் பற்றி...

ஏ9 தனியன்:
குளத்தடி, நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். அண்ணை, அந்த 'விளையாட்டு வீரர்' கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

பரந்தன் வேகம்:
இன்று காலை 11.7. மெசினோடு படம் போட்டிருக்கிறேன், கண்ணாடி போட்டுப் பாரும்.

ஏ9 தனியன்:
பார்த்தேன். மெசினில் நிற்கிற கால் யாருடையது, மகனுடையதா?